அருவி ஓவியத்துக்கு வாத்திய இசை: அமிர்தவர்ஷிணி ஒட்டவில்லை, என்ன செய்யலாம்?

தண்ணீர்மலைக்_குழல் (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். தண்ணீர்மலை அருவியை நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார். அவருடைய படங்களை ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் கண்காட்சியாக வைக்கப் போகிறார்கள். திறப்பு நாளில் அந்த அருவிப் படத்துக்கென்றே 8 நிமிட இசை செய்து தரும்படி என்னைக் கேட்டார். பாட்டு வேண்டாம், வாத்தியம் மட்டும் போதும் என்றார். என் குழல், ஓர் அக்காவின் வீணை, என்னிடம் படிக்கும் பையனின் அண்ணன் மிருதங்கம். தம்புரா போனில்.

படம் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உயரவாக்கில் ஒரு தாள். முக்கால்வாசி கரும்பச்சை. இடது பக்கம் பாசி படிந்த பெரிய பாறை. வலது மேல் மூலையில் கொஞ்சம் வெளிச்சம். நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் தள்ளி அருவி மூன்று தட்டாக இறங்குகிறது. தண்ணீர் கடைசியில் எங்கே விழுகிறது என்று தெரியாது, இலைகள் மறைத்துவிடுகின்றன. ஆள் இல்லை, பறவை இல்லை.

தண்ணீர் என்பதால் அமிர்தவர்ஷிணி எடுத்தேன். ஆதி தாளம். அருவிக்கு மேல் ஸ்தாயியிலிருந்து வேகமாக இறங்கும் சங்கதிகள், காட்டுக்கு வீணையில் தானம் (தாளம் இல்லாமல் துடிப்போடு வாசிப்பது), முடிவில் ஒரு கோர்வை (தாளக் கணக்கோடு முடிக்கும் பகுதி). மூன்று பேரும் சுத்தமாகவே வாசிக்கிறோம். ஆனால் பதிவைப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டால் இரண்டும் ஒட்டவில்லை. சுற்றுலா விளம்பரத்துக்குப் பின்னால் ஓடும் இசை மாதிரி கேட்கிறது. படம் கனமாக, அசையாமல் இருக்கிறது. இசை துள்ளிக்கொண்டே இருக்கிறது.

ராகத்தை மாற்ற வேண்டுமா, தாளத்தையா? அருவிச் சத்தத்தையே பதிவு செய்து அடியில் ஓடவிட்டால் சரியாகுமா? இந்தப் படத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒன்றைச் செய்ய ஆசை.

---

ஒலிமேசை (கோலாலம்பூர்)

அக்கா, சத்தம் பதிவு பற்றி மட்டும் சொல்கிறேன், ராகம் என் துறை இல்லை.

அருவி ஓசையில் கீழிருந்து மேல்வரை எல்லா அலைவரிசையும் ஒரே நேரத்தில் இருக்கும். அதை அடியில் ஓடவிட்டால் முதலில் அடிபடுவது உங்கள் தம்புராவின் ரீங்காரம், அடுத்தது குழலின் மூச்சு. அந்த மூச்சு கேட்காவிட்டால் குழலுக்கும் கீபோர்டில் வாசிக்கும் குழலுக்கும் வித்தியாசம் தெரியாது. கட்டாயம் வேண்டுமென்றால் மேல் அலைவரிசைகளை நன்றாக வெட்டிவிட்டு, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் உறுமலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அரை நிமிடம் ஓடி மறைந்தால் போதும்.

பதிவு செய்யப் போவதாக இருந்தால் தாவரவியல் பூங்காவுக்குள் ஓடும் ஓடை பக்கம் விடியற்காலையில் போங்கள். மாலையில் ரியாங் ரியாங் பூச்சி கத்த ஆரம்பித்துவிட்டால் வேறு எதையும் எடுக்க முடியாது.

---

பிரிக்ஃபீல்ட்ஸ்_வீணை (கோலாலம்பூர்)

தங்கச்சி, உங்கள் கேள்வியைக் காலையில் படித்தேன், வகுப்பு முடியும்வரை அதே நினைப்பு. படத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். இசைக்கு வேண்டியது எல்லாம் அந்த ஒரு பத்தியிலேயே இருக்கிறது.

முதலில் ராகம். அமிர்தவர்ஷிணி மழைக்கான ராகம் என்று நமக்குப் பழகிவிட்டது. எட்டயபுரத்தில் தீட்சிதர் பாடி மழை பெய்தது என்ற கதையும் சேர்ந்துகொண்டது. ஆனால் மழை வேறு, அருவி வேறு. மழைக்கு முன்னால் ஒரு காத்திருப்பு உண்டு, வறட்சி உண்டு, வந்த பிறகு ஒரு நிம்மதி உண்டு. ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. அருவியில் அப்படி எதுவும் நடப்பதில்லை. நீங்கள் வருவதற்கு முன்பும் விழுந்துகொண்டிருந்தது, போன பிறகும் விழும். அதோடு அந்த ராகத்தில் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) இல்லை. ச க ம ப நி என்று தாவித் தாவிப் போகிறது, மேலே பிரதி மத்யமத்தின் (உயர்ந்த ம) பிரகாசம் வேறு. முக்கால்வாசி இருட்டாக இருக்கும் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் துள்ளத்தான் செய்யும்.

இரண்டாவது விஷயம், இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓவியத்தில் காலம் கிடையாது. பாறையும் அருவியும் மூலை வெளிச்சமும் ஒரே நொடியில் நம் முன்னால் இருக்கின்றன. இசையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் வர முடியும். எது முதலில் வரும், எது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை ஓவியர் முடிவு செய்யவில்லை, அந்த வேலையை உங்களுக்கு விட்டிருக்கிறார். அதனால் குழலை எடுப்பதற்கு முன்னால் படத்துக்கு எதிரே சும்மா உட்காருங்கள். கண் முதலில் எங்கே போகிறது? அங்கிருந்து எங்கே? எந்த இடத்தில் தங்கிவிடுகிறது? அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் 8 நிமிடத்தின் வரைபடம் அதுதான்.

என் மாணவர்களோடு ஒரு முறை இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பினாங்கில் வாழ்ந்து வரைந்த யோங் முன் சென் (1896–1962) நீர்வண்ணத்தில் செய்த கடலோரப் படம் ஒன்றின் நகலை நடுவில் வைத்தேன். எல்லோரும் படகுகளைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பாதிப் பேர் வானத்தில் தொடங்கினார்கள். ஒரு பெண் மட்டும் ஈர மணலில் இருந்த நிழலை விட்டு நகரவே இல்லை. அவளுடைய மெட்டுதான் அன்று நின்றது. மந்திர (கீழ்) ஸ்தாயியில் இரண்டே ஸ்வரம், நீளமான கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது), அவ்வளவுதான்.

கண் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் படத்தைப் போனில் எடுத்து நிறத்தை நீக்கிக் கருப்பு வெள்ளையில் பாருங்கள். பச்சை நம்மை ஏமாற்றும், "காடு, இயற்கை, குளிர்ச்சி" என்று நினைக்க வைக்கும். நிறம் போனால் இருட்டும் வெளிச்சமும் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பது மட்டும் மிஞ்சும். ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் 'மரணத் தீவு' என்ற வாத்திய இசையை 1909-இல் எழுதினார். ஆர்னோல்டு பாக்லின் வரைந்த அந்த ஓவியத்தை அவர் முதலில் பார்த்தது கருப்பு வெள்ளை நகலில்தான். படத்தில் ஒரு தீவை நோக்கிப் படகு போகிறது. அவர் 5/8 அளவில் தொடங்குகிறார், நம் கண்ட சாபு மாதிரி இரண்டும் மூன்றுமாக. தண்ணீரின் சலசலப்பைக் கேட்கச் செய்ய அவர் முயலவில்லை. துடுப்பின் சமமில்லாத இழுப்பைப் பிடித்தார். நேரம் கிடைத்தால் கேளுங்கள், தொடக்கம் மட்டுமாவது.

மூன்றாவது, இது நம் வீட்டுச் சொத்து. தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்ற வரிசையிலேயே பறையையும் யாழையும் வைக்கிறார். மரம் மாதிரி இசையும் அந்த மண்ணில் முளைத்தது என்பதுதான் பார்வை. அதற்கும் முன்னால் முதற்பொருள்: எந்த நிலம், எந்தப் பொழுது. குறிஞ்சி என்றால் மலை மட்டும் இல்லை, கூதிர் காலமும் நள்ளிரவும் சேர்ந்துதான் குறிஞ்சி. அதற்கும் உள்ளே உரிப்பொருள், அந்த இடத்தில் மனசுக்கு என்ன நடக்கிறது என்பது. உங்கள் படத்தில் நிலம் இருக்கிறது. பொழுது என்ன? உரி என்ன? ஆள் இல்லாத படம் என்கிறீர்கள். ஆள் இல்லையென்றால் பார்த்துக்கொண்டு நிற்பவர்தான் ஆள். அவர் அங்கே எதற்கு வந்தார்? இதை ஓவியரிடமே கேளுங்கள். எந்த நேரத்தில் வரைந்தார், கடைசியாகத் தூரிகை வைத்த இடம் எது என்றும் கேளுங்கள்.

ராகம் பெயர் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். சாரமதியை எடுத்துப் பாருங்கள். நடபைரவி என்ற தாய் ராகத்தில் பிறந்தது. ஆரோகணத்தில் ச ரி க ம ப த நி ச என்று ஒரு படியும் விடாமல் ஏறும். அவரோகணத்தில் ச நி த ம க ச. பஞ்சமம், ரிஷபம் இரண்டும் இல்லை. ஏறுவது நடையாக, இறங்குவது தட்டுத் தட்டாக. படத்தின் வடிவம் ராகத்துக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் அருவியை நடித்துக்காட்ட வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை: கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குச் சாரமதி என்றாலே தியாகராஜரின் 'மோக்ஷமு கலதா' காதில் ஓடும். அந்தக் கிருதியின் எடுப்பை நினைவூட்டும் பிடிகளைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள்.

---

நீர்வண்ணம் (பினாங்கு)

இசை எனக்குத் தெரியாது, ஆனால் தூரிகை தெரியும். மேலே வீணை அம்மா கேட்கச் சொன்ன கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே சொல்ல முடியும்.

நீர்வண்ணத்தில் பழைய முறையில் வரைபவர்கள் வெள்ளை நிறத்தைத் தொடுவதே இல்லை. படத்தில் வெள்ளையாகத் தெரிவது தாள். வெளிறிய பூச்சு முதலில், இருட்டு கடைசியில். எண்ணெய் ஓவியத்தில் கறுப்பின் மேல் வெள்ளை வைத்துத் திருத்தலாம், இதில் முடியாது, வண்ணம் ஒளி ஊடுருவுவது. ஆகவே அருவி எங்கே வரப்போகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்து, அந்த இடத்தைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். சுற்றிலும் பாறையையும் இலையையும் கருமையாக்க ஆக்க, தொடாமல் விட்ட இடம் தண்ணீராகிறது. அருவியை யாரும் வரைவதில்லை. சொரசொரப்பான தாளில் காய்ந்த தூரிகையை வேகமாக இழுத்தால் மேடுகளில் மட்டும் வண்ணம் பிடிக்கும், தண்ணீரின் ஓரத்தில் தெரியும் அந்த மினுக்கம் அப்படி வருவது.

இன்னொரு தகவல், உங்களுக்குப் பிடிக்கும். இதே தண்ணீர்மலை அருவி 200 வருடத்துக்கு முன்னாலேயே படமாகியிருக்கிறது. கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்த பினாங்குக் காட்சிகளை வில்லியம் டேனியல் அக்குவாடின்ட் முறையில் (செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுப்பது) செதுக்கி 1821-இல் லண்டனில் வெளியிட்டார், அதில் அருவியும் ஒன்று. அக்குவாடின்டிலும் இதே கதைதான். செப்புத் தகட்டில் எந்த இடம் வெளிச்சமாக இருக்க வேண்டுமோ அங்கே வார்னிஷ் பூசி அமிலம் படாமல் மூடுவார்கள். மூடிய இடத்தில் மை தங்காது, அச்சில் அது வெறும் தாளாக வரும்.

---

பிரிக்ஃபீல்ட்ஸ்_வீணை (கோலாலம்பூர்)

நீர்வண்ணம் தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! இது எனக்குப் புதிது. நான் எழுதியதில் ஒரு பெரிய இடம் காலியாக இருந்தது, நீங்கள் நிரப்பிவிட்டீர்கள்.

தங்கச்சி, இப்போது வழி தெளிவாகத் தெரிகிறது. படத்தில் ஓவியர் கை வைக்காத இடம்தான் அருவி என்றால், இசையிலும் நீங்கள் வாசிக்காத இடம் அருவியாக இருக்கட்டும். தம்புரா மட்டும் ஒலிக்கும் இடம். தம்புராவும் நிற்காத ஒன்றுதானே. குழலும் வீணையும் காட்டையும் பாறையையும் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். விளம்ப காலத்தில் மிஸ்ர சாபு, மூன்றும் நான்குமாக ஏழு. முதல் தட்டில் ஏழையும் வாசித்துவிட்டு, எப்போதாவது கடைசி ஒன்றிரண்டு அட்சரத்தை (தாள எண்ணிக்கையை) விடுங்கள். இரண்டாம் தட்டில் மூன்றை வாசித்து நான்கை விடுங்கள். மூன்றாம் தட்டில் முழு ஆவர்த்தனமே (தாளத்தின் ஒரு முழுச் சுற்றே) காலியாகப் போகட்டும், அதற்கு முன்னும் பின்னும் வாசிப்பது இன்னும் கருமையாக, இன்னும் கீழ் ஸ்தாயியில் இருக்கட்டும். வீணை மந்திரத்தில் பஞ்சமத்துக்கும் கீழே போகலாம். இடைவெளி நீள நீள, கேட்பவர்கள் தம்புராவை முதன்முறையாகக் காதில் வாங்குவார்கள்.

ஆனால் ஒன்று. காலியான ஆவர்த்தனத்திலும் தாளம் உங்கள் மூவருக்குள்ளும் ஓட வேண்டும். அது வெறும் நிறுத்தமாகிவிட்டால் சபையில் யாராவது கைதட்டிவிடுவார்கள். மிருதங்கத் தம்பி தொப்பிப் பக்கம் (இடது முகம்) மட்டும் வைத்துக்கொள்ளட்டும், வலந்தலையில் (வலது முகத்தில்) சாப்பு என்ற கணீர் அடி வேண்டவே வேண்டாம். குழலை நாலாவது நிமிடம் வரை எடுக்காமல் இருந்தாலும் நல்லது. உங்கள் வாத்தியம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

---

தண்ணீர்மலைக்_குழல் (பினாங்கு)

வீணை அக்கா, நீர்வண்ணம் அண்ணா, ஒலிமேசை தம்பி, மூவருக்கும் நன்றி.

ஓவிய ஆசிரியரிடம் போய்க் கேட்டேன். காலையில் வரைந்தாராம். வெயில் அந்தப் பள்ளத்துக்குள் இறங்குவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு. கடைசியாகத் தூரிகை வைத்தது கீழே இருக்கும் இலைகளில். தண்ணீர் விழும் குட்டை முதலில் தெரிந்ததாம், அது பிடிக்காமல் கரும்பச்சையால் மூடிவிட்டாராம். ஏன் என்று கேட்டேன். "அங்கே குளித்த பையன்கள் எல்லாம் இப்போது வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள்" என்றார். அவரும் அவருடைய கூட்டாளிகளும். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா கேட்ட உரிப்பொருள் கிடைத்துவிட்டது. நிலம் குறிஞ்சி, ஆனால் உரி பிரிவு. பாலையின் உரி மலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சாரமதியில் இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். காலி இடங்களில் முதலில் எங்கள் மூவருக்கும் பதற்றமாக இருந்தது. பழகியதும் எங்களோடு வீணை வாசிக்கும் அக்கா தானாகவே வாசிப்பைக் குறைத்துக்கொண்டார். அந்த இடத்தில் படம் நிஜமாகவே அருகில் வந்தது.

மூன்று சந்தேகம் பாக்கி. ஒன்று, கோர்வை இல்லாமல் எப்படி முடிப்பது? மிருதங்கத் தம்பிக்குத் தீர்மானம் (முடிப்புக்கான தாளச் சொற்கட்டு) வைக்காமல் கை நிற்காது போலிருக்கிறது. இரண்டு, ஏற்பாட்டாளர்கள் படத்தைப் பெரிய திரையில் காட்டலாம் என்கிறார்கள். மூன்று, இந்த இசைக்கு என்ன பெயர் வைப்பது?

---

ஒலிமேசை (கோலாலம்பூர்)

திரை வேண்டாம் அக்கா. புரொஜெக்டர் விசிறிச் சத்தம் ஒன்றே உங்கள் காலி ஆவர்த்தனத்தைக் கெடுத்துவிடும். கருப்பும் சாம்பலாகத் தெரியும், கரும்பச்சை வெளுத்துப்போகும். மூலப் படத்தையே சுவரில் மாட்டி அதன் மேல் ஒரு விளக்கு போதும். கடைவீடு என்றால் மரத்தரையும் சுண்ணாம்புச் சுவரும் இருக்கும், சின்ன அறைக்கு மைக்கே தேவையில்லை. போனில் இருக்கும் தம்புராவை மட்டும் நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள், உங்களுக்குப் பின்னால் தரையில் வைத்து. இசை இவ்வளவு தூரம் தம்புராவை நம்பியிருக்கும்போது போன் ஸ்பீக்கர் தாங்காது. சுழல்விசிறியை அந்த 8 நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். அடியில் ஓடை சத்தம் போடலாம் என்று முதலில் நான் சொன்னதை இப்போது விட்டுவிடுங்கள், இந்த அமைப்புக்கு அது தேவையில்லை.

---

பிரிக்ஃபீல்ட்ஸ்_வீணை (கோலாலம்பூர்)

குட்டையை மூடிவிட்டார் என்று படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இனி முடிவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அவரே முடித்துக் கொடுத்துவிட்டார். ச நி த ம க வரை இறங்குங்கள், கீழ் ஷட்ஜத்தை (ச) தொடாதீர்கள். காந்தாரத்தில் (க) நின்றுவிடுங்கள். தம்புராவில் ஷட்ஜம் இருக்கிறது, கேட்பவர்கள் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வார்கள். மிருதங்கத் தம்பியிடம், தீர்மானம் அடுத்த கச்சேரியில் ஆசை தீர வாசிக்கலாம், இங்கே கடைசி இரண்டு ஆவர்த்தனம் கையை மடியில் வைத்துக்கொள் என்று அன்பாகச் சொல்லுங்கள். நல்ல கலைஞன் என்றால் புரிந்துகொள்வான்.

பெயருக்கு அவசரம் இல்லை. படத்துக்கு ஆசிரியர் என்ன பெயர் வைத்திருக்கிறாரோ அதையே வையுங்கள். அவர் பெயர் வைக்கவில்லை என்றால் உங்களுக்கும் வேண்டாம், ராகத்தையும் தாளத்தையும் மட்டும் அட்டையில் எழுதுங்கள்.

உங்கள் வீணை அக்காவுக்கு ஒரு செய்தி. படத்துக்கு மேல் போடும் விளக்கின் சூடு வீணையின் மேல் விழாதபடி உட்காரச் சொல்லுங்கள். வீணையின் மெட்டுகள் (தந்திக்கு அடியில் இருக்கும் உலோகக் கட்டைகள்) மெழுகில் பதித்தவை, சூட்டில் இளகினால் காந்தாரம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், நீங்கள் முடிக்கப்போவதும் அதில்தான். மாடி அறையில் ஒரு மணி நேரம் முன்பே வாத்தியத்தை வைத்துவிட்டு, ஆட்கள் வந்து அறை சூடான பிறகு இன்னொரு முறை சுருதி பார்த்துக்கொள்ளுங்கள்.